விற்கப்படாத வங்கி

லண்டன் ஃப்ளீட் தெருவில் 37ஆம் எண் கட்டடத்தில் இயங்கும் சி. ஹோர் அண்ட் கோ என்ற வங்கி 1672இல் தோன்றியது. இன்றும் அது தொடங்கியவரின் வாரிசுகள் கையிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் தலைமுறை வந்துவிட்டது. பங்குச் சந்தையில் அதன் பெயர் இல்லை. வெளியார் முதலும் இல்லை. வங்கி நொடித்தால் பங்காளிகளின் சொந்த வீடு வாசல் வரை கைவைக்கலாம் என்ற பழைய ஏற்பாடு, அதாவது வரம்பிலாப் பொறுப்பு, இன்னும் செல்லுபடியாகிறது. இந்த நீண்ட ஆயுளுக்கு வங்கி வட்டாரத்தில் ஆயத்தமாக ஒரு விளக்கம் உண்டு. குடும்பச் சொத்து, ஆகவே கவனம். சொந்தப் பணம் பணயத்தில், ஆகவே நிதானம். பெரிய வங்கி ஏதாவது கவிழும்போதெல்லாம் வணிகப் பத்திரிகைகள் இதைத் தூசி தட்டி எடுக்கும். அந்த விளக்கம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதே இங்கே வேலை. பாதி தாங்கும் என்பது என் கணிப்பு. மீதிப் பாதி, பிழைத்தவர் தன் கதையைத் தானே சொல்லும்போது ஏறிக்கொள்ளும் மெருகு.

முதலில் சாட்சியங்களைப் பற்றி. ஹோர் வங்கியைப் பற்றிக் குடும்பத்தார் வெளியிட்ட வரலாறு ஒன்று 1955 வரைக்கும் வருகிறது. 2005இல் விக்டோரியா ஹட்சிங்ஸ் எழுதிய விரிவான நூல் ஒன்றும் உண்டு. இவற்றுக்கு எதிர்ப்புறத்தில், வங்கியின் பழைய பேரேடுகளை வரி வரியாகப் படித்த பொருளாதார வரலாற்றாளர்கள் பீட்டர் டெமின், ஹான்ஸ்-யோவாகிம் வோத் இருவரின் ஆய்வுகள். பிந்தையவை ஆளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த ஈட்டின் பேரில் கடன் போனது என்று மட்டும் பார்க்கின்றன. ஆனாலும் இரு தரப்புக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் வங்கித் தொழிலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதற்குக் காரணமே ஹோர் வங்கி அழியாமல் இருந்து, பேரேடுகளையும் அழியவிடாமல் வைத்திருந்ததுதான். மூழ்கிய கடைகளின் கணக்குகள் பெரும்பாலும் கடைகளோடு போயின. அவற்றின் முதலாளிகளும் இதே அளவு கவனமாக இருந்திருக்கலாம். கவனம்தான் காப்பாற்றியது என்று சொல்ல, கவனமாக இருந்தும் கெட்டவர்களின் கணக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும். அது நம்மிடம் சிறிதளவே இருக்கிறது.

தொடக்க ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 1672 ஜனவரியில் மன்னர் இரண்டாம் சார்லஸ், கஜானாவிலிருந்து கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டார். நின்றுபோன தொகை சுமார் 13 லட்சம் பவுண்டு. பெரும்பகுதி லண்டன் பொற்கொல்லர்கள் கொடுத்தது. அன்றைய நகரத்தின் வங்கியாளர்கள் அவர்கள்தான். நகையையும் வெள்ளிப் பாத்திரத்தையும் காக்கப் பலமான பெட்டகம் வைத்திருந்ததால் ஊரார் ரொக்கத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு கைமாறிக் கைமாறிப் பணமாகவே ஓடியது. அத்தொழிலில் முதல் வரிசையில் நின்ற எட்வர்ட் பேக்வெல், ராபர்ட் வைனர் இருவரும் மன்னரை நம்பிக் கொடுத்தவர்கள். அந்த அடியிலிருந்து அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அதே ஆண்டு ஜூலையில்தான் ரிச்சர்ட் ஹோர் என்ற இருபத்து நான்கு வயதுக்காரர் பொற்கொல்லர் சங்கத்தில் முழு உறுப்பினரானார். சீப்சைடில் ‘தங்கக் குப்பி’ என்ற பலகை தொங்கிய கடையில் அவர் தொழில் நிலைகொண்டது. கட்டடங்களுக்கு எண் இல்லாத காலம், பலகைதான் முகவரி. 1690இல் அதே பலகையோடு ஃப்ளீட் தெருவுக்கு வந்தார். 1702இல் சர் பட்டம், 1712இல் லண்டன் மேயர் பதவி. மன்னருக்குக் கொடுத்து ஏமாறாத விவேகி என்று அவரைப் பாராட்டத் தோன்றும். உண்மையில் மன்னர் கேட்டுவரும் அளவுக்கு அன்று அவரிடம் எதுவும் இல்லை. முன்னவர்கள் காலியான இடத்தில் அவர் தொழில் தொடங்கினார், அவ்வளவுதான்.

விவேகத்துக்குச் சான்று வேண்டுமானால் 1720க்கு வர வேண்டும். தென்கடல் கம்பெனியின் பங்கு அந்த ஜனவரியில் 130 பவுண்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. கோடையில் ஏறத்தாழ 1,000 பவுண்டைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் 200 அளவுக்கு விழுந்தது. ஐசக் நியூட்டனே பெருந்தொகையை இழந்த ஆண்டு அது. அப்போது ஹோர் வங்கியின் பொறுப்பில் இருந்தவர்கள் நிறுவனரின் மகன்கள் ஹென்றியும் பெஞ்சமினும். அவர்கள் ஒதுங்கி நின்று தப்பித்தார்கள் என்று நினைத்தால் அது தவறு. இறங்கி வாங்கினார்கள், விற்றார்கள், 28,000 பவுண்டுக்கு மேல் லாபம் பார்த்தார்கள். டெமினும் வோத்தும் கண்டெடுத்த விஷயம் இதைவிடச் சுவையானது. தென்கடல் பங்கை அடகு வைத்துக் கடன் கேட்டு வந்தவர்களிடம் வங்கி கறாராக இருந்தது. சந்தை விலையைவிட வெகுவாகக் குறைத்து மதிப்பிட்டே கடன் கொடுத்தது. அதாவது, அந்த விலை நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் தங்கள் கணக்கில் வாங்கினார்கள். மற்றவர்களின் மோகம் இன்னும் சில மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பலித்தது.

இந்த இடத்தில் ‘குடும்ப நிதானம்’ என்ற விளக்கம் முதல் தடவையாக ஆட்டம் காண்கிறது. குமிழி என்று அறிந்தே அதில் ஏறி நேரம் பார்த்து இறங்குவதை நிதானம் என்று சொல்ல முடியாது. அது தேர்ந்த சூதாட்டம். ஆனால் தனக்கு ஒரு அளவுகோல், கடன் கேட்பவருக்கு இன்னொரு அளவுகோல் என்று பிரித்து வைத்திருந்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது. சொந்தக் கணக்கில் எப்போது வெளியேறுவது என்பது அவர்கள் கையில். கடன் வாங்கியவர் எப்போது வெளியேறுவார் என்பது அவர்கள் கையில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட வங்கிகள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. மூன்று நூற்றாண்டுப் பெருமைகளில் எனக்கு உண்மையாகவே மதிக்கத் தோன்றுவது இந்த ஒரு பேரேட்டுப் பக்கம்தான்.

மதிப்பதோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தென்கடல் கம்பெனி வெறும் காகிதக் குமிழி அல்ல. ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கும் ஏகபோக உரிமை 1713இல் பிரிட்டனுக்குக் கிடைத்து, அந்தக் கம்பெனியின் கைக்கு வந்தது. 28,000 பவுண்டு சந்தையில் மற்ற முதலீட்டாளர்களிடமிருந்து வந்த லாபம்தான் என்றாலும், அந்தப் பங்கு எதன் மேல் நின்றது என்பதை விட்டுவிட்டு ‘சாமர்த்தியம்’ என்று மட்டும் எழுதும் வரலாறு அரை வரலாறு.

அடுத்த கேள்வி, இந்த வங்கி யாருக்கு வங்கியாக இருந்தது என்பது. வாடிக்கையாளர் பட்டியலில் சாமுவேல் பீப்ஸ், பைரன், ஜேன் ஆஸ்டின் என்று பெயர்கள் வரும். பிரபலப் பட்டியல்கள் எப்போதும் கண்ணைப் பறிக்கும். உள்ளே நடந்ததை அறிய 1714ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இங்கிலாந்து வட்டி உச்சவரம்பை 6 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. ஏழை எளியவரைக் காக்கும் சட்டம் என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும். நடந்தது நேர்மாறு. துணிந்து கொடுப்பதற்கு உரிய கூலியைச் சட்டம் மறுத்துவிட்டதால், ஹோர் வங்கி துணிச்சலையே விட்டுவிட்டது. சிறு கடன்கள் குறைந்தன. சராசரிக் கடன் தொகை பெருத்தது. அறிமுகமில்லாதவர்களுக்குக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. நிலமும் பட்டமும் உள்ளவர்கள் பக்கம் பணம் திரும்பியது. அந்த உச்சவரம்பு 1854 வரை நீடித்தது. நீராவியும் நூற்பாலையும் இரும்பும் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட காலம் முழுவதும் அதற்குள் அடங்கும். டெமினும் வோத்தும் தங்கள் நூலில் வாதிடுவது இதுதான்: அரசின் போர்க்கடனும் வட்டிச் சட்டமும் சேர்ந்து தனியார் கடன் சந்தையைக் குறுக்கிவிட்டன, ஹோர் போன்ற வங்கிகள் அந்தக் குறுகலுக்குள் பத்திரமாக வாழக் கற்றுக்கொண்டன.

வங்கியின் குற்றம் அல்ல இது, சட்டம் அப்படி. ஆனால் ‘நிதானம்’ என்று பின்னாளில் பெயர் பெற்றதில் ஒரு பங்கு, சட்டம் கட்டாயப்படுத்திய ஒதுங்கலே. ஒரு பட்டறைக்காரர் புது எந்திரம் வாங்கக் கடன் கேட்டு இந்த வாசலுக்கு வந்திருந்தால், பிரபு ஒருவர் தன் தோட்டத்தின் பேரில் வாங்கும் கடனுக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றிருப்பார்.

குடும்பத்தைப் பற்றிய மிக வலுவான சாட்சியம் வங்கிக்கு வெளியே, வில்ட்ஷயரில் இருக்கிறது. ‘நல்ல ஹென்றி’ என்று குடும்பத்தார் அழைத்த ஹென்றி ஹோர், 1720இல் வங்கியை நடத்திய அதே ஹென்றி, 1717இல் அங்கே ஸ்டவர்டன் எஸ்டேட்டை வாங்கிப் புது மாளிகை எழுப்பினார். அதுவே ஸ்டவர்ஹெட். அவர் மகன், இவரும் ஹென்றி, ‘கம்பீர ஹென்றி’ என்று பெயர் பெற்றவர். பள்ளத்தாக்கை அணைகட்டி ஏரியாக்கி, கரையெங்கும் ரோமானியக் கோயில்களைப் போல மண்டபங்கள் எழுப்பி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்றை உண்டாக்கினார். ஏறக்குறைய அறுபது ஆண்டு வங்கியில் பங்காளியாக இருந்த மனிதர் அவர். 1780களில், அமெரிக்கப் போர் லண்டன் பணச்சந்தையை உலுக்கிய காலத்தில், வயோதிகத்தில் அவர் எடுத்த முடிவு ஒன்று முழு வாதத்தையும் திருப்பிவிடக்கூடியது. ஸ்டவர்ஹெட்டைப் பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோருக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, பேரன் வங்கியை விட்டு விலக வேண்டும். வங்கி நொடித்தால் கடன் கொடுத்தவர்கள் மாளிகையையும் ஏரியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். பேரன் விலகினார், பின்னாளில் வில்ட்ஷயரின் பழம்புதைகுழிகளைத் தோண்டி ஆராய்ந்த அறிஞராகப் பெயர் பெற்றார்.

வரம்பிலாப் பொறுப்புதான் இந்த வங்கியின் உயிர்நாடி என்று பெருமை பேசுபவர்கள் இந்த நிபந்தனையை இரண்டு முறை படிக்க வேண்டும். அறுபது ஆண்டு அந்தப் பொறுப்பைச் சுமந்தவரே, குடும்பத்தின் மிக விலையுயர்ந்த சொத்தை அதன் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தினார். பொறுப்புக்கு வரம்பில்லை, ஆனால் பொறுப்புக்கு ஈடாக நிற்கும் சொத்துக்கு அவர் ஒரு வேலி போட்டார். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வெளிப்படையாக, முன்கூட்டியே செய்தது. ஆனால் ‘கடைசிக் காசு வரை நாங்கள் பொறுப்பு’ என்ற வாக்கியத்தை இனிமேல் அப்படியே விழுங்க முடியாது. மாளிகையின் கடைசி உரிமையாளருக்கு வாரிசாக வரவேண்டிய ஒரே மகன் முதல் உலகப் போரில் இறந்தபின், 1946இல் அது தேசிய அறக்கட்டளைக்குப் போனது. வங்கிக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. இரண்டும் எப்போதோ பிரிந்துவிட்டன.

அந்த வரம்பிலாப் பொறுப்பு ஹோர் குடும்பம் கொள்கையாகத் தேர்ந்ததா என்றால், முதல் 150 ஆண்டுகளுக்கு இல்லை. ஆறு பேருக்கு மேல் கூட்டாகச் சேர்ந்து நோட்டு வெளியிடும் வங்கி நடத்தக் கூடாது என்று 1708இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்குப் போட்டி வராமல் காப்பதே நோக்கம். அந்தத் தடை 1826இல்தான் தளரத் தொடங்கியது. ஆகவே அந்நாளைய ஆங்கில வங்கிகள் எல்லாமே சிறியவை, குடும்பத்தவை அல்லது நண்பர்களுடையவை, எல்லாமே கடைசிக் காசு வரை பொறுப்பேற்றவை. அவற்றில் எத்தனையோ மடிந்தன. 1825 டிசம்பர் நெருக்கடியில் மட்டும் டஜன் கணக்கில் கதவடைத்தன. ஜேன் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றி ஆஸ்டின் நடத்திய வங்கி 1816இல் நொடித்தது. ஜாமீன் நின்ற சகோதரர் எட்வர்டும் மாமா லீ-பெராட்டும் பல்லாயிரம் பவுண்டு இழந்தார்கள். அந்த வங்கிக்கும் குடும்பம் உண்டு, பாசம் உண்டு, வரம்பிலாப் பொறுப்பு உண்டு. தங்கையின் பெயர் ஹோர் பேரேட்டில் இருக்கிறது என்பது ஒரு சின்ன வேடிக்கை.

1826க்குப் பிறகுதான், இன்னும் சரியாகச் சொன்னால் வங்கிகளும் ‘லிமிடெட்’ ஆகலாம் என்று 1858இல் சட்டம் இடம் கொடுத்த பிறகுதான், ஹோர் குடும்பத்தின் பிடிவாதத்தை ஒரு தேர்வு என்று எடை போட முடியும். அந்தக் காலத்தில் நடந்த வீழ்ச்சிகள் பொறுப்பு என்ற சரக்கைப் பல கோணங்களில் சோதித்துக் காட்டுகின்றன. ஓவரெண்ட் கர்னி என்ற லண்டன் நிதி நிறுவனம் 1865இல் கூட்டாளித் தொழிலிலிருந்து லிமிடெட் கம்பெனியாக மாறியது. அடுத்த ஆண்டு மே மாதம் சுமார் 1.1 கோடி பவுண்டு பாக்கியோடு விழுந்தது. பொறுப்பைக் கழற்றிப் பொதுமக்கள் தலையில் கட்டியதால் விழுந்தது என்று குடும்ப வங்கிக் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் கெட்ட கடன்கள் எல்லாம் கூட்டாளித் தொழிலாக, முழுப் பொறுப்போடு இருந்த நாளிலேயே சேர்ந்தவை. அவற்றை மறைக்கத்தான் லிமிடெட் வேஷம் போடப்பட்டது. நேர் எதிர்த் திசையில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி. 1878இல் அது கவிழ்ந்தபோது அதன் 1,819 பங்குதாரர்களுக்கும் வரம்பிலாப் பொறுப்பு. பணம் போட்டவர்களுக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைத்தது. பங்குதாரர்களில் 254 பேரைத் தவிர மற்ற அனைவரும் நொடித்துப் போனார்கள். கணக்கைப் பொய்யாக எழுதிய இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். பேரேட்டை ஒருநாளும் திறந்து பார்க்காதவர்கள் வீட்டை இழந்தார்கள். பொறுப்பு இருந்தது, பார்வை இல்லை.

பொறுப்பும் பார்வையும் சேர்ந்திருந்தால் போதுமா? சென்னைக்காரர்களுக்கு விடை தெரியும். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயரில் மெட்ராஸ் வணிகமே அடங்கிவிடும் என்றிருந்த காலம். அதுவும் கூட்டாளித் தொழில்தான். சட்டப்படி கடைசிக் காசு வரை பொறுப்பு. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் குமாஸ்தாக்களுமாக ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஆயுள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி அந்தப் பணத்தை ஊக வணிகத்தில் விட்டார். வீழ்ச்சிக்கு முன்பே ரயில் சுரங்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு உயர் நீதிமன்றம் 18 மாதக் கடுங்காவல் விதித்தது. பொறுப்புக்கு வரம்பு இல்லை என்றாலும், பங்காளிகளின் பைக்கு வரம்பு இருந்தது. பணம் போட்டவர்களுக்குக் கிடைத்தது சொற்பமே. நொந்துபோனவர்களின் வழக்கில் வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி உருவாக முன்னின்றார். மெட்ராஸ் மக்கள் அந்தப் பாடத்திலிருந்து எடுத்துக்கொண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. இன்னும் நல்ல குடும்பமாகப் பார்த்து அவர்கள் பணத்தைக் கொடுக்கவில்லை. பலர் பங்குபோட்டு, இயக்குநர் குழு வைத்து நடத்தும் கூட்டுப்பங்கு வங்கியைக் கட்டினார்கள்.

பேரிங்ஸ் கதை பலமுறை சொல்லப்பட்டது, சுருக்கமாகவே தொடுகிறேன். 1762இல் தொடங்கிய வங்கி. 1890இல் அதன் தலைவர் ரெவல்ஸ்டோக் பிரபு அர்ஜென்டினாவின் பத்திரங்களை, குறிப்பாக போனஸ் அயர்ஸ் குடிநீர்-வடிகால் திட்டத்துக்கானவற்றை, விற்க முடியாமல் மாட்டிக்கொண்டார். பாங்க் ஆஃப் இங்கிலாந்து மற்ற வங்கிகளைத் திரட்டி சுமார் 1.7 கோடி பவுண்டுக்கு உத்தரவாதம் எழுப்பியது. பங்காளிகளின் சொந்தச் சொத்துகளும் தீர்வுக்குள் போயின. 1995இல் சிங்கப்பூரில் ஒரே ஒரு வர்த்தகர் விட்ட நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. வங்கி ஒரு பவுண்டுக்கு டச்சு நிறுவனமான ஐஎன்ஜியிடம் போனது. முதல் தடவை முழுப் பொறுப்பு இருந்தும் ஒரு மனிதரின் ஆசைக்குக் கடிவாளம் இல்லை. இரண்டாம் தடவை பொறுப்பும் இல்லை, சிங்கப்பூர்க் கணக்கை லண்டனில் படிக்கத் தெரிந்தவரும் இல்லை. நாற்காலியில் மட்டும் பேரிங் பெயர்கொண்ட ஒருவர் இருந்தார்.

இவற்றையெல்லாம் ஹோர் வங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிழைத்ததற்கு வரம்பிலாப் பொறுப்பை மட்டும் காரணமாக்க முடியாது. பிழைத்தவர்களிடமும் செத்தவர்களிடமும் அது சமமாகவே இருந்தது. ஹோர் குடும்பத்திடம் கூடுதலாக இருந்தவற்றில் முதன்மையானது, ஒரே கூரையின் கீழ் அடங்கும் அளவு. அர்பத்நாட்டின் லண்டன், பேரிங்ஸின் போனஸ் அயர்ஸ், பின்னாளில் சிங்கப்பூர் என்று பணம் போன இடத்துக்கும் பங்காளி உட்கார்ந்த இடத்துக்கும் நடுவே கடல் கிடந்தது. ஹோர் பங்காளிகள் கடன் வாங்குபவரைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். அடமானமாக வந்த நிலத்தைக் குதிரையேறிப் போய்ப் பார்க்கலாம். பெரிய அளவில் ரொக்கத்தைக் கைவசம் வைத்திருக்கும் பழக்கத்தையும் தொடக்க காலத்திலேயே பழகியிருந்தார்கள். இதன் மறுபக்கம் வளர்ச்சியைக் கைவிடுவது. கண்ணுக்கெட்டிய தூரம்வரைதான் தொழில் என்றால் தொழில் அந்தத் தூரத்தைத் தாண்டாது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அதுவே மிகக் கடினமானது. இதே ஃப்ளீட் தெருவில் 1ஆம் எண்ணில் சைல்ட் வங்கி, 19ஆம் எண்ணில் காஸ்லிங் வங்கி. சற்றுத் தள்ளி ஸ்ட்ராண்டில் கூட்ஸ். மூன்றும் பொற்கொல்லர் கடையிலிருந்து வந்தவை; எல்லாமே சிறியவை, பிரபுக்களை நம்பியவை. எதுவும் நொடிக்கவில்லை. காஸ்லிங் 1896இல் மற்ற தனியார் வங்கிகளோடு கலந்து பார்க்லேஸ் ஆனது. கூட்ஸ் 1920இல் நேஷனல் ப்ராவின்ஷியலோடு இணைந்தது. சைல்ட் 1924இல் க்ளின் மில்ஸ் கைக்குப் போய், அங்கிருந்து ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வரை வந்து சேர்ந்தது. ஆக, சாகாமல் இருந்ததில் ஹோர் தனித்துவமானது அல்ல. விற்காமல் இருந்ததில்தான் அது தனித்து நிற்கிறது. நீண்ட ஆயுளின் ரகசியம் என்று நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே சற்றுக் கோணலானது. ஏன் விற்கவில்லை என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

என் ஊகம் ஸ்டவர்ஹெட்டுக்குத்தான் திரும்பிப் போகிறது. சைல்ட் வங்கி திருமண வழியே ஜெர்சி பிரபு குடும்பத்துக்குப் போனது. 1806 முதல் 1867 வரை அதன் மூத்த பங்காளியாக இருந்தவர் ஜெர்சி சீமாட்டி சாரா சோஃபியா. அந்தக் குடும்பத்துக்கு வங்கி என்பது எஸ்டேட்டுகளோடு சேர்ந்த இன்னொரு சொத்து; நல்ல விலை வந்தால் சொத்து கைமாறும். ஹோர் குடும்பத்தில் மாளிகையும் பட்டமும் ஒரு கிளைக்குப் போய்விட்டன. வங்கி இன்னொரு கிளையிடம் நின்றது. அந்தக் கிளைக்கு வங்கியே தொழில், வங்கியே அந்தஸ்து. கவுண்டருக்குப் பின்னால் வேலை செய்பவரே பங்காளி என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. விற்றுவிட்டால் பணம் கிடைக்கும், உட்கார இடம் இருக்காது. கம்பீர ஹென்றி மாளிகையைக் காக்கப் போட்ட வேலி, அவர் நினைக்காத வகையில் வங்கியையும் காத்தது. 1929இல் வங்கியைக் கம்பெனியாகப் பதிவு செய்தபோதும் அவர்கள் வரம்பிலாப் பொறுப்பையே எழுதி வைத்தார்கள். லிமிடெட் என்ற சொல்லைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லாத காலம் அது. மற்ற எதைவிடவும் இந்த ஒரு பதிவை அவர்களின் உண்மையான தேர்வு என்று ஏற்கிறேன்.

2008, 2009 ஆண்டுகளில் கூட்ஸுக்கும் சைல்டுக்கும் உடைமையாளரான ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காக்க பிரிட்டிஷ் அரசு 4,550 கோடி பவுண்டு பொதுப்பணத்தைக் கொட்டியது. ஹோர் வங்கிக்கு யாரும் எதுவும் கொட்ட வேண்டியிருக்கவில்லை. 2009இல், 337 ஆண்டில் முதல் முறையாக, குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைத் தலைமைச் செயல் அதிகாரியாக அமர்த்தினார்கள். ரத்தத்தில் ஓடும் திறமை என்ற கதையை அவர்களே நம்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதும்கூட.

இனி தீர்ப்பு. பணம் போட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வங்கிக்கு இங்கிலாந்தில் இணை சிலவே. 1672 முதல் வைத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. கடன் தேடியவரின் பக்கம் நின்று பார்த்தால் மதிப்பெண் பாதியாகிறது: நிலமும் பெயரும் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் மூடிய கதவு. நாட்டின் தொழில் எழுச்சிக்கு இத்தகைய வங்கிகள் தந்த முதல் மிகச் சிறிது. இருந்ததைப் பாதுகாத்தவை அவை, புதியதை உண்டாக்கியவை அல்ல. ஒரு முன்மாதிரியாகப் பரிந்துரைக்கப்படும்போதுதான் நான் முழுமையாக மறுக்கிறேன். வட்டிச் சட்டம், ஆறு பேர் சட்டம், வில்ட்ஷயர் நிபந்தனை, பணக்கார வாடிக்கையாளர்கள், போதுமென்று நிறுத்திக்கொண்ட தலைமுறைகள் என்று இத்தனையும் ஒரே வீட்டில் கூடிவந்த கதை இது. இதில் ‘குடும்பம்’ என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வேறோர் ஊரில் நட்டால் என்ன முளைக்கும் என்பதற்கு 1906இன் மெட்ராஸ் இருக்கிறது. எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டென்றால், 1720இல் கடன் கேட்டு வந்தவரின் பங்குக்கு அவர்கள் போட்ட குறைந்த மதிப்பு. அதைச் செய்ய குடும்பப் பெயர் தேவையில்லை. எந்த வங்கியின் கடன் பிரிவும் நாளைக் காலை முதல் செய்யலாம்.